பழையாற்றங்கரை நாகர்கோவில்: சிறு குழு உலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஆறு இருக்கிறதா?

இருக்கிறது. கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் பேருந்து மாறும் ஊராக மட்டும் நாகர்கோவிலை அறிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சுருளகோடு மலைப்பக்கத்தில் தொடங்கும் பழையாறு பூதப்பாண்டி, ஒழுகினசேரி, கோட்டாறு, சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடிக் காயலில் கடலோடு சேர்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிர் இந்த ஆறுதான். பொன்மனைப் பக்கத்துப் பாண்டியன் அணை, மேற்கே ஓடும் பரளியாற்றுத் தண்ணீரைப் பழங்காலத்திலேயே இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியாக வந்தது. ஊரின் பழைய கோவில்கள், சந்தை, தேவாலயம் எல்லாம் ஆற்றை ஒட்டியோ, ஆற்றுக்கு நடந்து போகும் தூரத்திலோ இருக்கின்றன. அதனால் எங்கள் உலாவும் ஆற்றைப் பிடித்தே கீழே இறங்குகிறது.

ஒரு குழுவில் எத்தனை பேர்? ஏன் அவ்வளவு குறைவு?

எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒழுகினசேரி சோழராஜா கோவில் சிறியது. வடசேரி நகைப் பட்டறைகள் பலவும் வீட்டு முன்னறைகளே. அங்கே பத்துப் பேர் நின்றால் பின்னால் நிற்பவருக்கு ஆசாரியின் முதுகுதான் தெரியும். கோவிலுக்குள் ஒலிபெருக்கியில் பேச முடியாது, பேசவும் கூடாது. வழிகாட்டி மெதுவாகச் சொல்வது எல்லோர் காதிலும் விழ எட்டுப் பேர்தான் எல்லை. ஒரே குடும்பம் என்றால் குழந்தைகளையும் சேர்த்துப் பத்து வரை ஒத்துக்கொள்கிறோம்.

நாள் எப்படிப் போகும்?

காலை ஆறு மணிக்கு நாகராஜா கோவில் முன் கூடுகிறோம். அங்கிருந்து ஒழுகினசேரி ஆற்றுப்பாலம், சோழராஜா கோவில். எட்டரைக்குக் காலைச் சாப்பாடு. பத்து மணிக்கு வடசேரிப் பட்டறை. பதினொன்றரை வாக்கில் கோட்டாறு: முதலில் சவேரியார் பேராலயம், அடுத்துக் கம்போளம் என்ற மொத்த வியாபாரத் தெரு. ஒரு மணிக்கு இலைச் சாப்பாடு, பிறகு மூன்றரை வரை ஓய்வு. அதன்பின் வேனில் சுசீந்திரம். போகும் வழியில் குளக்கரையில் பறவை பார்க்கக் கொஞ்ச நேரம். நாலரைக்குத் தாணுமாலயன் கோவிலுக்குள் நுழைகிறோம். வெளியே வரும்போது வெளிச்சம் மிச்சமிருந்தால் மணக்குடிப் பாலம் வரை போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் உலாவை முடிக்கிறோம்.

நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி எதற்கு?

மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள். வெளியூரிலிருந்து தாங்களே திட்டம் போட்டு வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கன்னியாகுமரியில் சூரிய உதயம், விவேகானந்தர் பாறைக்குப் படகு, எல்லாம் முடித்துப் பன்னிரண்டு மணிக்குச் சுசீந்திரம் வந்து சாத்திய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். இன்னொரு காரணம் கல்தரை. செருப்பில்லாமல் பிராகாரத்தில் நடக்க வேண்டும். மாசியிலிருந்து சித்திரை வரை உச்சிவெயிலில் பாதம் கொப்பளித்துவிடும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? முதியவர்கள் வரலாமா?

நாள் முழுவதும் சேர்த்து நாலைந்து கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடப்பது அதிகபட்சம் கால் மணி நேரம். நீண்ட இடைவெளிகளுக்கு வேன் உண்டு. ஏற வேண்டிய மலை எதுவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம் தருவது கோவில் வாசல் படிகளும் உயர்ந்த கல் நிலைப்படிகளும்தான். கைத்தடி கொண்டு வரலாம். சக்கர நாற்காலியில் வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் அன்றைக்குப் பட்டறையையும் கம்போளத்தையும் குறைத்து, வேன் அருகில் போய் நிற்கக்கூடிய இடங்களாக மாற்றி அமைக்கிறோம்.

என்ன உடை அணிய வேண்டும்?

சுசீந்திரத்தில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டியும் துண்டும் கொண்டு வந்தால் மாவட்டத்தின் எந்தக் கோவிலிலும் சங்கடமில்லை. பெண்களுக்குச் சேலை, சுடிதார், பாவாடை தாவணி எதுவும் சரி. அரைக்கால்சட்டையோடு வந்தால் கோவிலிலும் பேராலயத்திலும் சிக்கல்தான்.

காலணி எளிதாகக் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். நாளுக்கு ஐந்தாறு தடவை கழற்ற வேண்டியிருக்கும். நாடா கட்டிய ஷூ குழு முழுவதையும் காக்க வைக்கும்.

நாகராஜா கோவிலில் என்ன கவனிக்க வேண்டும்?

கூரையை முதலில் பாருங்கள். ஊருக்கே பெயர் தந்த கோவில் இது. ஆனாலும் மூலவர் நாகராஜர் இருப்பது ஓலை வேய்ந்த எளிய கூரையின் கீழ். அந்த ஓலையை ஆண்டுதோறும் புதிதாக மாற்றுகிறார்கள். கருவறையில் தரை போடவில்லை; எப்போதும் ஈரமான மண். அந்த மண்ணைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள். ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும், தை முதல் ஆனி வரை வெளுப்பாகவும் மண் நிறம் மாறும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பக்கத்துச் சந்நிதியில் அனந்தகிருஷ்ணன். தை மாதத் திருவிழாவில் தேரேறுவது இவர்தான்.

அடுத்து மண்டபத் தூண்கள். பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் அங்கே உண்டு. பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நிற்கும். சமணர்கள் இங்கே வழிபட்டதற்குக் கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. ஒரு சமயத்தின் வழிபாட்டிடம் இன்னொன்றாக மாறிய வரலாற்றை, எதையும் உடைக்காமல் அதே தூணில் வைத்திருக்கும் இடம் இது. நின்று பார்க்க இருபது நிமிடமாவது ஒதுக்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். தெற்கு வாசலில் உள்ள மகாமேரு மாளிகையின் அமைப்பு தமிழ்நாட்டுக் கோபுரம் போல இருக்காது. அதையும் வெளியே நின்று பாருங்கள்.

ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கோவிலுக்குள் குழுவைக் கூட்டிப் போவதில்லை. பால் ஊற்றவும் நாகர் சிலைகளுக்கு மஞ்சள் சாத்தவும் வரும் கூட்டம் தெரு வரை நிற்கும். வேண்டுதலோடு வருபவர்களுக்கு நாம் இடைஞ்சலாகக் கூடாது.

சோழராஜா கோவிலுக்கு ஏன் போகிறீர்கள்? கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்படாததால்தான். ஒழுகினசேரியில் இருக்கும் இந்தச் சிவன் கோவிலின் பழைய பெயர் ராஜேந்திர சோழீஸ்வரம். முதலாம் ராஜேந்திரனின் பெயரைத் தாங்கியது. சோழர் கோட்டாற்றை எவ்வளவு முக்கியமாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ஊருக்குள் இல்லை. அவர்கள் காலத்தில் கோட்டாற்றுக்கு மும்முடிச் சோழநல்லூர் என்றே பெயர் இருந்தது. அதிகாலையில் ஆள் நடமாட்டம் குறைவு. கல்வெட்டு எழுத்துகளைச் சாய்வு வெளிச்சத்தில் பார்க்கலாம். வெயில் நேர் மேலே வந்துவிட்டால் எழுத்தின் பள்ளம் தெரியாது. எழுத்தைத் துலக்க யாரும் சுண்ணாம்பும் மாவும் பூச வேண்டாம். கல் கெட்டுப்போகும்.

ஒழுகினசேரி கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்த ஊரும்கூட.

ஆற்றில் குளிக்கலாமா?

ஊர்ப்பகுதியில் வேண்டாம். நகரத்துச் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பாலத்தில் நின்று பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும். அதை மறைத்து அழகான இடத்தை மட்டும் காட்டுவது எங்களுக்குச் சரியாகப்படவில்லை. ஆறு எங்கே தெளிவாக வருகிறது, எங்கே கெடுகிறது என்று இரண்டையும் காட்டுகிறோம். குளிக்க ஆசைப்படுபவர்கள் இன்னொரு நாள் திற்பரப்பு அருவிக்குப் போகலாம்.

வடசேரிப் பட்டறையில் என்ன பார்ப்போம்? நகை வாங்கலாமா?

பரதநாட்டியம் ஆடுபவர்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் இங்கே செய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோவில் நகை இதுதான். முதலில் வெள்ளித் தகட்டை வடிவத்துக்கு வெட்டி, கல் உட்கார வேண்டிய குழிகளைக் கட்டுகிறார்கள். உள்ளே அரக்கு நிரப்பி, அதன்மேல் சிவப்புக் கெம்புக் கல்லை வைத்து, தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, கல்லின் ஓரங்களில் அழுத்தி அழுத்திப் பதிக்கிறார்கள். கல்லைப் பிடித்து நிறுத்துவது அந்த அழுத்தம்தான். அழுத்தம் சரியாக விழாத இடத்தில் ஓரிரு வருடத்தில் கல் உதிரும். பழுது பார்க்க வரும் நகைகளில் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருக்கும்.

வாங்கலாம், கட்டாயம் இல்லை. கடைக்காரரிடம் நாங்கள் பங்கு எதுவும் பெறுவதில்லை. வாங்கும்போது நகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அசல் என்றால் பின்பக்கம் வெள்ளி. செம்பில் முலாம் பூசியது கனமும் விலையும் குறைவு. மேடைக்கு அதுவும் போதும்தான், ஆனால் அதை வெள்ளி விலைக்கு வாங்கிவிடக் கூடாது. எடையையும் எந்த உலோகம் என்பதையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரக்கு வைத்த நகையை வெந்நீரில் கழுவக் கூடாது, காரின் முன்பக்கம் வெயிலில் வைக்கக் கூடாது. அரக்கு இளகினால் கல் நகரும். வியர்வையை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, காற்றுப் படாத டப்பாவில் வையுங்கள்.

பட்டறையில் ஆசாரி கல் பதிக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். கையை நிறுத்தி நிமிர்ந்த பிறகு கேளுங்கள், விரிவாகவே சொல்வார்கள்.

கோட்டாறு பேராலயத்தின் சிறப்பு என்ன?

தூய சவேரியார் 1544இல் இந்தப் பகுதியில் பணி செய்தார். வேணாட்டு அரசரின் ஆதரவு அவருக்கு இருந்தது என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. அந்த நினைவில் எழுந்த ஆலயம் பல காலக்கட்டங்களில் பெரிதாக்கப்பட்டது. 1930இல் கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனபோது பேராலயம் ஆனது.

பீடத்தின் அருகே தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்டு பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்குப் பிறகு கல்லறைக்கு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். வரிசையில் நிற்க நேரலாம். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதில்லை. வெளியே காத்திருக்கிறோம், அல்லது கம்போளத்தை முன்னால் வைத்துக்கொள்கிறோம்.

கம்போளத்தில் அரை மணி நேரம் போதுமா?

மொத்த வியாபாரத் தெரு என்பதால் போதும். மிளகு, கிராம்பு, சுக்கு, கருப்பட்டி, புளி என்று மலைச்சரக்கும் கீழ்நாட்டுச் சரக்கும் ஒரே தெருவில் கிடக்கும். பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி எழுதிய 'கொட்டியாரா' என்ற நகரம் இந்தக் கோட்டாறுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஆற்றங்கரையில், கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து அமைந்த ஊர் சந்தையாகாமல் இருந்தால்தான் வியப்பு. கிராம்பு வாங்கினால் நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசிய வேண்டும். சுமைக்காரர்களுக்கு வழி விடுங்கள். தலையில் மூட்டையோடு வருபவரால் சட்டென்று நிற்க முடியாது.

சாப்பாடு எப்படி?

காலையில் புட்டு, பயறு, பப்படம், அல்லது ஆப்பமும் கடலைக்கறியும். இட்லி தோசையும் உண்டு. ரசவடையைத் தவறவிடாதீர்கள்.

மதியம் நாஞ்சில் நாட்டு இலைச் சாப்பாடு. முதலில் பருப்பும் நெய்யும், அடுத்துச் சாம்பார், புளிசேரி, ரசம், மோர். அவியல், தொவரன், எரிசேரி, இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொள்ள. பாயசம் இலையிலேயே விழும். பழமோ போளியோ சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். குழம்புகளில் தேங்காய் தாராளம். எண்ணெயும் தேங்காயெண்ணெய்தான், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். அரிசி பருமனாக இருக்கும். பச்சரிசிச் சோறு வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். மீன் வேண்டுபவர்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும். சாயங்காலம் கோவிலுக்குள் போக இருப்பதால் மதியம் சைவம் மட்டும் சாப்பிடும் வழக்கம் உள்ளவர்களை வேறு கடைக்கு அனுப்பாமல், இரண்டும் கிடைக்கும் இடத்திலேயே அமர வைக்கிறோம். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், மணமே தனி.

சுசீந்திரத்துக்கு ஏன் இரண்டு மணி நேரம்?

ஏழு நிலைக் கோபுரத்தைப் பார்த்து, அனுமாரைக் கும்பிட்டு, அரை மணியில் திரும்புவதுதான் பேருந்துச் சுற்றுலாவின் வழக்கம். அந்த வேகத்தில் இந்தக் கோவில் கைக்கு வராது.

மூலவர் தாணுமாலயன்: சிவன், திருமால், அயன் (பிரமன்) மூவரும் ஒரே வடிவம். கொன்றை மரத்தடிச் சந்நிதி கோவிலின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று. சுதையால் ஆன பெரிய நந்தி, ஒரே கல்லில் செதுக்கிய ஆஞ்சநேயர், பெண் வடிவ விநாயகர், விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கும் நீண்ட பிராகாரம், ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். ஆஞ்சநேயருக்கு வடைமாலையும் வெண்ணெய்க்காப்பும் பிரசித்தம். மாலை சாத்த விரும்பினால் கோவில் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். வந்து நின்று கேட்டால் அன்றைக்குக் கிடைக்காமல் போகலாம்.

இந்தக் கோவிலின் வரலாற்றில் இரண்டு கசப்பான பக்கங்களும் உண்டு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்த கைமுக்கு வழக்கம் இங்கேதான் நடந்தது; திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. கோவிலைச் சுற்றிய தெருக்களிலேயே ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1926இல் டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12 அன்று வந்த ஆலயப் பிரவேச அறிவிப்புதான் கோவில் கதவை எல்லாச் சாதியினருக்கும் திறந்தது. ரதவீதியில் நின்று இதைச் சொல்லிவிட்டுத்தான் கோபுர வாசலைக் கடக்கிறோம்.

இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கலாமா?

கூடாது. அலங்கார மண்டபத்தில் உள்ள இந்தத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்த மெல்லிய கம்பங்களின் கொத்து. கம்பத்தின் பருமனும் நீளமும் மாறுவதால் ஒலியும் மாறுகிறது. நாணயத்தால் தட்டினால் கல் பொடியாக உதிரும். தேய்ந்த கம்பம் சுரம் மாறும், திரும்ப ஒட்ட வைக்க வழியில்லை. கோவில் பணியாளர் யாராவது தாமாக விரலால் தட்டிக் காட்டினால் கேளுங்கள். அவரைக் காசு கொடுத்துக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

படம் எடுக்கலாமா?

கோவிலுக்குள் கூடாது. தெப்பக்குளம், கோபுரம், ரதவீதி, பாலம், கம்போளம் எங்கும் எடுக்கலாம். பட்டறையில் கேட்டுவிட்டு எடுங்கள். சில அச்சுகள் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானவை.

இந்து அல்லாதவர்கள் வந்தால்?

தாராளமாக வரலாம். சில கோவில்களில் உள்ளே போக எல்லை உண்டு. வாசல் பலகையில் எழுதியிருப்பதை மதிக்கிறோம். அந்த நேரத்தில் இன்னொரு வழிகாட்டி அவர்களோடு தெப்பக்குளம், தெருக்கள், குளக்கரை என்று வெளிப்புறத்தைச் சுற்றிக் காட்டுவார்.

எந்த மாதம் நல்லது? மழை பெய்தால்?

தை, மாசி மிக நல்லது. உச்சிவேளை தவிர வெயில் இதமாக இருக்கும், குளங்களில் தண்ணீரும் பறவையும் இருக்கும். சுசீந்திரம், தேரூர் குளங்கள் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. கூழைக்கடா, நாரைகள், நீலத் தாழைக்கோழி ஆகியவற்றை வேனிலிருந்து இறங்கியவுடனே பார்க்கலாம். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். ஜூனில் அணை திறந்து கன்னிப்பூ (முதல் போக நெல்) வயல்கள் பச்சை பிடிக்கும்போதும் அழகுதான், ஆனால் தென்மேற்குப் பருவமழை கூடவே வரும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வலுத்தால் பழையாறு கரை தாண்டும், சுசீந்திரம் பக்கத்துத் தாழ்வான சாலைகளில் தண்ணீர் நிற்கும். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்த நாளில் உலா கிடையாது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், அல்லது வேறு நாள். சாதாரணத் தூறலுக்கு நிறுத்துவதில்லை. மழைக்கோட்டைவிடக் குடை வசதி, கோவில் வாசலில் மடக்கி வைத்துவிடலாம். நனைந்த கல்தரை வழுக்கும்.

திருவிழா நாட்களில் வரலாமா?

திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அதற்காகவே வாருங்கள், உலாவோடு சேர்க்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை பத்து நாள். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர். இரண்டுக்கும் சாலைகள் அடைபடும். ஒரே ஒரு விலக்கு: நவராத்திரிக்கு முன் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் காலை. திருவிதாங்கூர் காலத்து வழக்கம் இன்றும் தொடர்வதைத் தெருவோரம் நின்று பார்க்க அன்றைக்கு உலாவின் வரிசையையே மாற்றுகிறோம்.

பத்மநாபபுரம் அரண்மனையை ஏன் சேர்க்கவில்லை?

அது தக்கலைப் பக்கம், வேறு திசை, வேறு ஆற்றுப் பகுதி. அரண்மனைக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். இன்னொரு நாள் உதயகிரிக் கோட்டையில் உள்ள டிலனாய் கல்லறை, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில், மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகியவற்றோடு சேர்த்துப் பாருங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளதால், விடுமுறை நாட்களை அந்த மாநிலக் கணக்கில் சரிபார்க்க வேண்டும்.

கழிப்பறை, குடிநீர்?

காலைச் சாப்பாட்டுக் கடை, மதிய ஓட்டல், சுசீந்திரம் கோவில் வெளிப்புறம் ஆகிய மூன்று இடங்களில் நிறுத்துகிறோம். வடசேரிக்கும் கோட்டாற்றுக்கும் நடுவே நல்ல வசதி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் பெரிய கேனில் குடிநீர் இருக்கும். சொந்தப் பாட்டில் கொண்டு வாருங்கள்.

நாகர்கோவிலுக்கு எப்படி வந்து சேர்வது?

முதல் நாள் இரவே வந்து தங்குவது நல்லது. வெளியூர்ப் பேருந்துகள் வடசேரி நிலையத்துக்கு வரும். உள்ளூர்ப் பேருந்துகளுக்கு மீனாட்சிபுரம் அண்ணா நிலையம். இரண்டையும் குழப்பிக்கொண்டு காலையில் தவறான நிலையத்தில் காத்திருப்பவர்கள் அதிகம். ரயிலில் வந்தால் நாகர்கோவில் சந்திப்பு, நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையங்கள். திருவனந்தபுரம் வழி ரயில்கள் சில டவுனில் மட்டும் நிற்கும். கன்னியாகுமரியில் தங்குபவர்களை வேன் போய் ஏற்றுவதில்லை. சாயங்காலம் சுசீந்திரத்தில் இறங்கிக்கொண்டு அங்கிருந்து கன்னியாகுமரிப் பேருந்து பிடிக்கலாம்; அடிக்கடி வரும்.

பதிவு செய்யும்போது என்ன சொல்ல வேண்டும்?

எத்தனை பேர், வயது, சைவமா அசைவமா, நடப்பதில் சிரமம் உண்டா, சுசீந்திரத்தில் வழிபாடு செய்ய வேண்டுமா என்பது போதும். கட்டணத்தில் வேன், வழிகாட்டி, இரண்டு வேளைச் சாப்பாடு அடங்கும். அர்ச்சனை, காணிக்கை, கடையில் வாங்குவது உங்கள் செலவு. மூன்று நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கும் வேனுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம். நாலு பேருக்குக் குறைவாகச் சேர்ந்தால் உலா நடக்காது. அதை இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிவிடுகிறோம், ரயில் டிக்கெட்டை மாற்ற நேரம் இருக்கும்.